லாக் ஸ்கிரீனில் அகிலாண்டம்

நான் வேலை பார்க்கும் லேபில் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். இத்தனைக்கும் என் வேலை வரவேற்பு. இது திமிரால் வந்ததல்ல, வாஸ்துவால் வந்தது.

மன்னார்புரத்தில், ஒரு மெஸ்ஸை ஒட்டினாற்போல் இருக்கிறது எங்கள் லேப். முதலாளி டாக்டர் ஜெய்சங்கர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய மாமனார் மாத்ருபூதத்துக்கு வாஸ்து என்றால் உயிர். பணம் வாங்குகிறவர் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வாசலோ மேற்கே இருக்கிறது. வாசலை நகர்த்த முடியாது என்பதால் என்னை நகர்த்தினார்கள். மேஜையைக் கிழக்குச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதன் மேல் கம்ப்யூட்டரை வைத்து, எனக்கு ஒரு சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னால் ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்கள் என் தோளுக்கு மேலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது கூப்பிட்டால் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலை கிறுகிறுவென்று வரும்.

ஒரு நாள் நான் எழுந்து உள்ளே போன நேரத்தில், ஒரு பேஷண்டின் பேரன் கீபோர்டைத் தட்டி விளையாடியதில் அன்றைய பில்களில் பாதி ரத்தாகிவிட்டது. அன்றிலிருந்து, கை எடுத்த ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி டாக்டர் செய்துவிட்டார். பூட்டிக்கொண்டால் திரையில் ஏதோ வெளிநாட்டு மலையும் ஏரியும் வரும். அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. உள்ளே ஒரு டெஸ்ட் முடிந்ததும் லேப் சாஃப்ட்வேர் கவுன்ட்டருக்கு ஒரு நோட்டிபிகேஷன் அனுப்பும். அது பூட்டிய திரையிலும், அந்த ஏரியின் மேல், கொட்டை எழுத்தில் வந்து நிற்கும். பேர், டெஸ்ட், அளவு என்று எல்லாமே அதில் இருக்கும்.

வேறு ஊராக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். எங்கள் ஹாலில் அதை வசதியாக எடுத்துக்கொண்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்து மெஸ்ஸில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ரத்தம் கொடுக்க இரண்டு மணி நேரம் காத்திருக்கிற சர்க்கரைக்காரர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டாமா? ஹாலில் டிவி கிடையாது. என் கம்ப்யூட்டர்தான் இருந்தது.

இதில் ஒரே குறை, பாதிப் பேருக்குக் கண் சரியில்லை, மீதிப் பேருக்கு இங்கிலீஷ் சரியில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் என் மாமியார்.

என் மாமியார் ராசாத்தி ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். திருச்சி ஜங்ஷனில் வண்டி வருவதையும் போவதையும் மைக்கில் சொல்லுகிற வேலை. அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட ஏதோ பிளாட்பாரத்துக்கு ஓட வேண்டும் போல இருக்கும். அவருக்குச் சர்க்கரை உண்டு. மாதம் ஒரு முறை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னாலும் அடிக்கடி வந்துவிடுவார். வருவது டெஸ்ட்டுக்கு அல்ல, ஹாலுக்கு. முன்வரிசையில் நடு நாற்காலி அவருடையது. திரையில் எழுத்து வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மருதை, கொலஸ்ட்ரால், இருநூற்று அறுபது."

மருதை என்பவர் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து நின்று ஒரு கும்பிடு போடுவார். நேற்று மெஸ்ஸில் அவர் எத்தனை வடை சாப்பிட்டார் என்று ஹாலே பேசும். ரிப்போர்ட் தாமதமானால் அத்தை மன்னிப்பும் கேட்டுவிடுவார், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று. எல்லோரும் சிரிப்பார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு முறை கல்யாணம் நிச்சயமாகியிருந்த சித்தார்த்தன் என்ற பையனின் சர்க்கரை அளவை அவர் முழங்கியபோது, பெண்ணின் தாய்மாமா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறு வாரமே பெண் வீட்டார் முகூர்த்தத்தைத் தள்ளிவைத்துவிட்டதாகக் கேள்வி. அப்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயம் என்பதால் சாயங்காலத்துக்குள் மறந்தும் போனது. எனக்கென்று வந்தபோதுதான் சுருக்கென்று தைத்தது.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் நிற்கவில்லை. அந்த வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு வந்ததுதான். இரண்டு முறையும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய அத்தை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஆரம்பித்து துவாக்குடியில் இருக்கும் கடைசி உறவுக்காரர் வரைக்கும் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் சொன்னவர்கள் எல்லோருக்கும் அப்புறம் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்ததே. ஆப்பிள் பையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் காபி போட்டுக் கொடுத்து, முதலிலிருந்து சொல்லி, முதலிலிருந்து அழ வேண்டியிருந்தது. இரண்டாவது முறை யாரோ ஒரு அம்மா காபியில் சர்க்கரை கம்மி என்று சொன்னபோது டம்ளரைப் பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது.

அதனால் இந்த முறை முடிவு செய்துவிட்டேன். மூன்று மாதம் முடிகிற வரை ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை. என் கணவர் பாலுவுக்குக்கூட இப்போதைக்கு இல்லை. பாலு தங்கமானவர், ஆனால் அவர் வயிற்றில் ஒரு சொல் தங்காது. அம்மா என்ன விஷயம் என்று முகத்தைப் பார்த்துக் கேட்டாலே கொட்டிவிடுவார்.

என் டாக்டரம்மா கர்ப்பத்துக்கான ரத்த டெஸ்ட் ஒன்றை எழுதிக் கொடுத்தார், பீட்டா ஹெச்சிஜி என்று. ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு நாள் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டாவது அளவு நன்றாக ஏறியிருந்தால் நம்பிக்கை வைக்கலாம், ஏறாவிட்டால் இதுவும் நிற்காது என்று நிதானமாகச் சொன்னார். போன இரண்டு முறையும் ஏறவில்லை.

வேறு லேபுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நசீராவைத் தவிர வேறு யாரிடமும் கை நீட்ட எனக்கு மனமில்லை. எங்கள் லேபில் ரத்தம் எடுக்கிறவள் அவள். குழந்தைகள்கூட அவளிடம் அழாமல் கை கொடுக்கும். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த லாக் ஸ்கிரீனை ஞாபகப்படுத்தினாள். "அக்கா, ரிப்போர்ட் ரெடியானா உங்க பேரு நேரா ஹாலுக்குத்தான் போகும். அங்க உங்க மாமியார் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அன்றைக்கே சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ரசூல் என்று ஒருவர், எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்லிக் கொடுக்கிற ஆள். செட்டிங்ஸுக்குள் போய், சிஸ்டத்துக்குள் நோட்டிபிகேஷன் என்பதைத் திறந்து, லாக் ஸ்கிரீனில் காட்டு என்பதற்கு எதிரே இருக்கிற டிக்கை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் ஊரே படித்த திரையை ஒரே ஒரு டிக்தான் திறந்துவைத்திருந்தது என்று நினைத்தபோது எனக்கே எரிச்சலாக இருந்தது.

முதல் டெஸ்ட் நல்லபடியாக முடிந்தது. நானே பூட்டைத் திறந்து பார்த்தேன். அறுநூற்றுச் சொச்சம். பார்த்துவிட்டு மூடினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் ஹால் கொதித்துவிட்டது. ஏரியையும் மலையையும் தவிர எதுவும் வராததால், கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, என்னுடையது வந்துவிட்டதா என்று கேட்டார். நான் சுற்றிச் சுற்றிப் பதில் சொன்னேன். மருதை, யாருக்காவது ஏதாவது பெரிய வியாதி வந்து நாங்கள் மறைக்கிறோமோ என்று கேட்க, அதை நான்கு பேர் நம்பியும்விட்டார்கள். நல்லவேளை, அன்று அத்தை வரவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். நான் ரசூலிடம் கேட்டு வைத்திருந்த இன்னொரு வழியைச் சொன்னேன். நோட்டிபிகேஷன் வரும், உள்ளே என்ன என்பது மட்டும் தெரியாது. அதற்கும் ஒரு டிக் இருக்கிறது. டாக்டர் சரியென்றார். அடுத்த நாள் அதைப் போட்டுப் பார்த்தேன். திரையில் 'புதிய அறிவிப்பு' என்று மட்டும் வந்தது. அது யாருடையது என்று தெரியாததால் ஒவ்வொரு முறையும் ஹால் முழுவதும் எழுந்து வந்தது. மத்தியானத்துக்குள் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பழையபடி வைத்துவிடுங்கள் என்றார். பேஷண்டுகளின் விவரம் இப்படி வெளியே தெரியலாமா என்று நான் கேட்டதற்கு, இத்தனை நாள் ஒருவரும் புகார் சொல்லவில்லையே என்றார். நியாயமான பதில் மாதிரிதான் இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது.

விடிந்தால் இரண்டாவது டெஸ்ட். டிக்கைத் திருட்டுத்தனமாக எடுத்தால் ஹால் மறுபடியும் காட்டிக் கொடுத்துவிடும். நசீராதான் யோசனை சொன்னாள், வேறு பேரில் சாம்பிளைப் போட்டுவிடலாம் என்று. ரிப்போர்ட் வந்ததும் பேரை மாற்றிவிட்டால் போயிற்று. தப்புதான் அக்கா, ஆனால் வேறு வழியில்லை என்றாள். எனக்கும் தப்பென்று தெரியும். தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறியவள் திருவானைக்காவலில் இறங்கி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஏறியிருக்க வேண்டும் தாயே என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நசீரா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பேர் போடட்டும் என்று கேட்டபோது, வாயில் வந்தது அந்த அம்மனின் பேர்தான். அகிலாண்டம்.

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி பொய்ப்பேர் தேடினால் அகிலாண்டம் என்றா சொல்லுவாள்? பஸ்ஸில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புகிற ஊர் இது. என் புத்தி அப்போது அம்மன் சந்நிதியிலேயே நின்றுவிட்டது. வேறென்ன சொல்ல.

ரத்தம் கொடுத்துவிட்டு கவுன்ட்டருக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் பழகிய குரல் கேட்டது. திரும்பினால் அத்தை. வருகிறேன் என்று காலையில் சொல்லவே இல்லை. காலெல்லாம் மதமதவென்று இருக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு, மணப்பாறையிலிருந்து வரும் தைராய்டு அம்மா உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். வரும்போதெல்லாம் ஹாலுக்கே முறுக்கு வாங்கி வருவார். சர்க்கரைக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் ஒளித்து ஒளித்துத் தின்பார்கள். அவருக்குப் பில் போட நான் பேரைக் கேட்பதே இல்லை, மனப்பாடம்.

மனப்பாடமான அந்தப் பேர் என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து உள்ளே ஓடி நசீராவிடம் பேரை மாற்றச் சொல்லியிருப்பேன். அதற்குள் மருதை வந்து பில்லில் ஏதோ சந்தேகம் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டிருந்தது. ஏரி வந்தது, மலை வந்தது. அதன் மேல் எழுத்து வந்தது.

நான் பேரைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தேன். ஆயிரத்து நானூற்று முப்பத்தாறு.

இரண்டு மடங்குக்கும் மேல். ஏறியிருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து திரை கலங்கியது. அந்த ஒரு நிமிடம் மாத்ருபூதத்துக்கு மனதார நன்றி சொன்னேன். ஹாலில் இருப்பவர்களுக்குத் திரை தெரியும், என் முகம் தெரியாது.

அப்புறம்தான் காதில் விழுந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அகிலாண்டம், பீட்டா..."

அங்கே குரல் நின்றது. முப்பது வருஷம் மைக்கில் பேசியவர் பாதி அறிவிப்பில் நின்று நான் கேட்டதே இல்லை. அத்தைக்கு அந்த டெஸ்ட்டின் பேர் தெரியும். என் ரிப்போர்ட்டை இரண்டு முறை கையில் வாங்கியவர் ஆயிற்றே. அவர் பக்கத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்திருப்பார். பிறகு என் முதுகைப் பார்த்திருப்பார். அந்தப் பார்வை முதுகில் பட்டதை உணர்ந்தேன், ஆனால் நாற்காலியைத் திருப்பவில்லை. பூட்டைத் திறந்து அந்த எழுத்தை அழித்துவிடலாம் என்று பாஸ்வேர்டைத் தட்டினேன். அவசரத்தில் தப்பாக விழுந்தது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் தப்பு.

மணப்பாறை அம்மா, என் பேர் வந்ததே, என்ன ஆயிற்று, தைராய்டு ஏறிவிட்டதா என்று கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை எழுந்து வருகிற சத்தம் கேட்டது. வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஹாலைப் பார்த்துத் திரும்பி, புடவைத் தலைப்பை உதறிப் போர்த்துகிற சாக்கில் இரண்டு கையையும் விரித்தது கண்ணோரத்தில் தெரிந்தது. ஹாலுக்குத் திரை மறைந்திருக்க வேண்டும். பிறகு அந்தக் குரல் முழுசாக வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அகிலாண்டம் அவர்களின் ரிப்போர்ட் தொழில்நுட்பக் காரணங்களால் தாமதமாகிறது. இது குறித்த அறிவிப்பு பின்னர் தெரிவிக்கப்படும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அத்தை சொன்னார். "திரும்பாத. மொதல்ல மூஞ்சியத் துடைச்சுக்க."

துடைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை பாஸ்வேர்ட் சரியாக விழுந்தது.

அதற்குள், அறிவிப்பைக் கேட்டுப் பயந்துபோன நசீரா உள்ளே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிப் பேரை மாற்றியிருந்தாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். நிஜ அகிலாண்டத்தின் ஃபைலில் அந்த ரிப்போர்ட் போய்ச் சேர்ந்து, அதைப் பார்த்து வேறு டாக்டர் மருந்தை மாற்றியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்போது கதவைத் தட்டாமல் அத்தை உள்ளே வந்தார்.

"டாக்டர், அவ செஞ்சது தப்புதாங்க. ஆனா அவள அந்தத் தப்புக்குத் தள்ளுனது உங்க கம்ப்யூட்டரும் என் வாயும்தான். நான் அத்தன வருஷம் அறிவிச்சேனே, எந்த வண்டி எந்த பிளாட்பாரம்னுதான் சொல்லுவேன். உள்ள யாரு உக்காந்திருக்கா, எதுக்குப் போறாங்கன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இங்க வந்துதான் அத மறந்துட்டேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு ரசூலுக்குப் போன் போடச் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. இனி ஆளுக்கு ஒரு டோக்கன். திரையில் டோக்கன் நம்பரும் 'ரெடி' என்பதும் மட்டும் வரும். பேரில்லை, டெஸ்ட் இல்லை, அளவில்லை. இவ்வளவு எளிய வழி இத்தனை நாள் யாருக்கும் தோன்றாமல் போனதற்குக் காரணம், பழைய வழியில் எல்லோருக்கும் பொழுது நன்றாகப் போனதுதான்.

வீட்டுக்குப் போகும்போது அத்தையும் என்னோடு பஸ்ஸில் வந்தார். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார். அது அவருடைய இடம், யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது, ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நான் சொல்லிப்புடுவேன்னுதானே எங்கிட்ட மறைச்ச?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லுகிற தெம்பு இல்லை. போன இரண்டு முறை ஆப்பிள் பையோடு வந்தவர்களைப் பற்றியும், அந்தக் காபியைப் பற்றியும் முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்லக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல் பின்னால் போய்விட்டார்.

அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குச் சந்தோஷம்னா சத்தமாத்தான் வரும் பிரேமா. அது உனக்கு இவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியலயே" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ எப்பச் சொல்லச் சொல்றியோ அப்பச் சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்கமாட்டேன்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்தக் கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாலுவிடம் சொன்னேன். நான் நினைத்தபடியே நேராக எழுந்து அம்மாவிடம் போனார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அத்தை, எனக்கு ஒன்றும் தெரியாதுப்பா என்று சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டது. எனக்குத் தெரிந்த வரையில் வீட்டுக்குள் அத்தை ரகசியத்துக்காகச் சொன்ன முதல் பொய் அதுதான். அதிலும் தேறவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு தேறிவிட்டார். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை, துவாக்குடிக்கும் போகவில்லை. லேபுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. டோக்கன் முறையை ஹால் ஒரு வாரம் திட்டியது, பிறகு பழகிக்கொண்டது. அத்தை நம்பரை மட்டும் முழங்கினார். "டோக்கன் எண் பதினெட்டு, கவுன்ட்டருக்கு வரவும்." மருதையின் கொலஸ்ட்ரால் இறங்கியதா ஏறியதா என்று யாருக்கும் தெரியாமல் போனது. மெஸ்ஸில் அவர் பாட்டுக்கு நிம்மதியாக வடை சாப்பிட்டார். எனக்கு வாந்தி வந்து நான் உள்ளே ஓடும்போதெல்லாம், கவனத்தைத் திருப்ப அத்தை வராத டோக்கனையும் அறிவித்துவைப்பார்.

மூன்றாம் மாதம் முடிந்தது. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், அத்தை வழக்கம்போல வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹால் நிறைந்திருந்தது. மருதை இருந்தார், முறுக்குப் பொட்டலத்தோடு மணப்பாறை அம்மாவும் இருந்தார். அத்தை என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் தொண்டையைச் சரிசெய்கிற சத்தம் வந்து வந்து நின்றது. கேட்கிறார் என்று புரிந்தது.

நாற்காலியைச் சுற்றி ஹாலைப் பார்த்து உட்கார்ந்தேன். வாஸ்து கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். அத்தையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நெடுநாளாகத் தாமதமாகி வந்த அறிவிப்பு இது. என் மருமக பிரேமலதா..."

அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானே எழுந்து மீதியைச் சொன்னேன்.

ஹால் திடுக்கிட்டு ஆரவாரம் செய்யும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. எல்லோரும் சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருதை மட்டும் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வருஷக் கணக்காக லேப் ஹாலில் உட்கார்ந்தவர்களுக்கு எந்த டெஸ்ட் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுபது வயது அகிலாண்டத்துக்கு அந்த டெஸ்ட் எதற்கு, அத்தை எழுந்து வந்து திரையை மறைத்தது யாருக்காக என்று கூட்டிப் பார்த்து, அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், இத்தனை நாளாக ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மணப்பாறை அம்மா எழுந்து வந்து முறுக்குப் பொட்டலத்தை முழுசாக என் மேஜையில் வைத்தார். அன்றைக்கு உங்கள் பேரில் போட்டது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் என் கன்னத்தைத் தொட்டார்.

"ஒவ்வொரு தடவ வந்தப்பவும் உன் முதுகப் பாத்து வேண்டிக்கிட்டுத்தான் போவேன். என் பேரத்தானே எடுத்துக்கிட்ட? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."